எந்த வானத்துக்காக ஏங்குகிறோம்? பழைய விண்வெளிச் சாகசங்களும் ஒரு நெசவூரும்

கேள்வியின் வயது

பழைய விண்வெளிச் சாகசப் படங்களின் குறைகள் இன்று யாருக்கும் எளிதில் தெரியும். ராக்கெட்டைத் தாங்கும் கம்பி கண்ணில் படுகிறது. வேற்றுக்கிரகத்துப் பாறை வண்ணம் பூசிய அட்டை என்பது மறையவில்லை. காற்றில்லாத வெளியில் வெடிச்சத்தம் கேட்கிறது. ஆனாலும் அவற்றைத் தேடிப் பார்ப்பவர்கள் குறையவில்லை. 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரும், 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படமும் தங்கள் முதல் பார்வையாளர்கள் முதுமை எய்திய பிறகும் புதிய ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. இந்த ஏக்கம் உண்மையில் எதன்மீது?

கேள்வி புதிதல்ல. 1688இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர், அயல்நாட்டில் இருப்பவர்களை வாட்டிய ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே வகைப்படுத்தினார். பிறகு வந்த நூற்றாண்டுகளில் அந்த நோய் மெல்ல மருத்துவ நூல்களை விட்டு வெளியேறியது. ஊருக்கான ஏக்கம் காலத்துக்கான ஏக்கமாக மாறியது. 2001இல் வெளியான தம் நூலில் ஸ்வெட்லானா பாய்ம் அதை இரண்டாகப் பிரித்தார். இழந்ததை அப்படியே மீட்டுக் கட்ட நினைப்பது ஒன்று. இழப்பை இழப்பாகவே வைத்து அசைபோடுவது மற்றொன்று.

விண்வெளிப் படங்களில் இது மேலும் ஒரு முடிச்சுப் போடுகிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ வெளிவந்த நாளிலேயே பழையதை நோக்கிய படம்தான். 1936இல் வந்த ‘ஃப்ளாஷ் கார்டன்’ போன்ற வாரத் தொடர்படங்களை ஜார்ஜ் லூகாஸ் சிறுவயதில் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர். அந்தச் சுவையை மீண்டும் உண்டாக்குவதே அவர் நோக்கம். ஆக, இன்று நாம் எதற்காக ஏங்குகிறோமோ அதுவே ஓர் ஏக்கத்தில் பிறந்தது.

இக்கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகளில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில் உருவானவை. படங்கள் பிறந்த இடத்துக்கு அவை பொருந்தலாம். படங்கள் தாமதமாக, துண்டு துண்டாக, வேறு மொழியில் வந்து சேர்ந்த இடத்துக்குப் பொருந்துமா? காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில் உள்ள ஐயம்பேட்டை போன்ற பட்டு நெசவூரை மனத்தில் வைத்து அந்த விடைகளை இக்கட்டுரை உரசிப் பார்க்கிறது. சென்னையிலிருந்து நெடுந்தூரம் இல்லை. ஆனால் சென்னையின் மவுண்ட் ரோடு திரையரங்குகளில் ஆங்கிலப் படம் பார்க்கும் உலகம் வேறு, கூலிக்குப் புடவை நெய்யும் வீட்டின் உலகம் வேறு.

இங்கே எது, எப்போது வந்தது

ஏக்கத்தைப் பேசுமுன் வரவுக் கணக்கைப் பார்க்க வேண்டும். சாகசத் தொடர்படங்கள் தமிழ்நாட்டுக்குப் பேசாப்பட காலத்திலேயே வந்துவிட்டன. எடி போலோ நடித்த அமெரிக்கத் தொடர்படங்கள் சென்னை மாகாணத்தில் பெரும் கூட்டத்தை ஈர்த்ததை ஸ்டீபன் ஹியூஸ் போன்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து எடுத்த ‘காடு’ படத்தில் அழிந்துபோன மாமத யானைகள் திரும்பி வந்தன. அது விண்வெளிக் கதை அன்று. ஆனால் அறிவியல் புனைவின் வாசல் தமிழில் அப்போதே திறந்துவிட்டது என்பதற்குச் சான்று.

விண்வெளி 1963இல் வந்தது. ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’ அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் வெளியானது. யூரி ககாரின் விண்ணுக்குச் சென்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்ப இன்னும் ஏழு மாதம் இருந்தது. இந்தியில் டி.பி. சுந்தரம் இயக்கி, தாரா சிங் நடித்த ‘சாந்த் பர் சடாயி’ 1967இல்தான் வருகிறது. இந்தியாவில் விண்வெளிப் பயணத்தையும் வேற்றுக்கிரகத்தாரையும் திரையில் காட்டிய முதல் படமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது இந்தத் தமிழ்ப் படமே.

அடுத்த அலை அச்சில் வந்தது. ‘ஃப்ளாஷ் கார்டன்’ கதைகளை இந்தியச் சிறுவர்களிடம் கொண்டுவந்தது இந்திரஜால் காமிக்ஸ். சிவகாசியிலிருந்து 1970களின் தொடக்கத்தில் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யைத் தந்தது, 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியது. பிரிட்டிஷ் வார இதழ்களின் நாயகர்கள் தமிழ்ப் பெயரும் தமிழ்ப் பேச்சும் பெற்று, ரயில் நிலையக் கடைகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும் கைமாறினார்கள்.

தொலைக்காட்சியின் கதைதான் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதே ஆண்டு அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியுடன் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி காட்டும் சோதனையை இஸ்ரோ நடத்தியது. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்குக்கு அந்த ஒளிபரப்பைப் பிடிக்க ஒரு பெரிய கிண்ண ஆன்டெனாவை இஸ்ரோ அமைத்துக் கொடுத்தது. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யை எழுதியவர் வீட்டில், இந்தியக் கிராமங்களுக்கான வேளாண்மை நிகழ்ச்சி ஓடியது. 1983 ஆகஸ்டில் இன்சாட் 1பி விண்ணில் ஏறிய பிறகு நிலைமை தலைகீழானது. நாடெங்கும் சிறு ஒளிபரப்பு நிலையங்கள் மளமளவென எழுந்தன. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா விண்ணுக்குச் சென்றார். அந்த 1980களில் தூர்தர்ஷன் ‘ஸ்டார் ட்ரெக்’கையும் ஜப்பானிய ‘ஜெயன்ட் ரோபாட்’டையும் ஒளிபரப்பியது, சொந்தமாக ‘ஸ்பேஸ் சிட்டி சிக்மா’ என்ற தொடரையும் தந்தது. 1998இல் ‘கேப்டன் வ்யோம்’ வந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விண்வெளித் தொடர் தொலைக்காட்சி வழியாக வந்தது, அவ்வளவுதான். இந்தியாவின் சிற்றூர்களுக்கோ தொலைக்காட்சியே விண்வெளி வழியாக வந்தது. கற்பனை விண்கலத்தைக் கூடத்தில் கொண்டுவந்து இறக்கியது உண்மையான செயற்கைக்கோள். ‘அந்தக் காலத்து டிவி’ என்று சொல்லும்போது நம்மவர்கள் நிகழ்ச்சியையும் கருவியையும் பிரித்துப் பார்க்காமல் சேர்த்தே நினைப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

பிள்ளைப் பருவம் என்ற விடை

மிகப் பரவலான விடை உளவியலிலிருந்து வருகிறது. ஒருவர் முதுமையில் திரும்பிப் பார்க்கும்போது, ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான நினைவுகளே அதிகமாக எழுகின்றன என்று நினைவாற்றல் ஆய்வுகள் காட்டுகின்றன. கடந்தகால ஏக்கம் தனிமையைத் தணித்து, பிறருடன் இணைந்திருக்கும் உணர்வைத் தருகிறது என்று கான்ஸ்டன்டைன் செடிகிடெஸ் முதலியோர் வாதிடுகிறார்கள். இதன்படி பார்த்தால் விண்கலம் ஒரு சாக்கு. நாம் தேடுவது அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையை.

இதில் உண்மை உண்டு. பஞ்சாயத்து டிவி அறையிலோ, தெருவில் டிவி வைத்திருந்த ஒரே வீட்டின் திண்ணையிலோ நெருக்கியடித்துப் பார்த்த தலைமுறைக்கு, நிகழ்ச்சியைவிடக் கூட்டமே நினைவில் நிற்பது இயல்பு. ஆங்கில வசனம் புரியாதவர்களுக்குப் படம் மட்டுமே கதை சொல்லியிருக்கும். மீதியைப் பக்கத்தில் இருந்தவர் சொல்லியிருப்பார்.

ஆனால் இந்த விடை எல்லோருக்கும் ஒரே மாதிரியான பிள்ளைப் பருவம் வாய்த்தது என்று கொள்கிறது. காஞ்சிபுரம் வட்டாரத்தின் பட்டுத் தறிகளில் 1980களிலும் 1990களிலும் பெரும் எண்ணிக்கையில் சிறுவர்கள் வேலை செய்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் பேசுகிறது. கோர்வைப் புடவைக்கு ஒருவர் போதாது. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கும்போது, ஒரு பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ள இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இடத்தில் பல வீடுகளில் உட்கார்ந்தது ஒரு பிள்ளை.

தறியில் வேலை செய்துகொண்டே வானொலி கேட்கலாம். நெசவூர்களில் அது இன்றும் வழக்கம். தொலைக்காட்சி அப்படியல்ல. கண் நாடாவை விட்டு விலகினால் இழை அறும். மேலும் பல நெசவூர்களில் தறிக்கு ஓய்வு அமாவாசையன்று. ஞாயிறு மற்றொரு வேலைநாள்தான். ஞாயிறு காலை விண்வெளித் தொடர் என்ற இனிய நினைவு, ஞாயிறு காலை ஓய்வாக இருந்தவர்களின் நினைவு. பிள்ளைப் பருவ விடையின் மிகப் பெரிய ஓட்டை இதுவே என்று கருதுகிறேன். ஏங்குவதற்கும் ஓய்வு வேண்டும் என்பதை அது கவனிப்பதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. 2000க்குப் பிறகு பிறந்தவர்களும் அப்பழைய படங்களில் மயங்குகிறார்கள். அவர்களிடம் மீட்டெடுக்க அத்தகைய நினைவு ஏதுமில்லை.

கைநழுவிய எதிர்காலம்

இரண்டாவது விடை வரலாற்றிலிருந்து வருவது. 1950, 60களின் விண்வெளிக் கதைகள் ஒரு வாக்குறுதி தந்தன: நிலவில் குடியேற்றம், செவ்வாய்க்குப் பயணம், பகை மறந்த மனித இனம். அப்பல்லோ திட்டம் 1972இல் முடிந்தது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் நிலவில் மனிதக் கால் படவில்லை. ஆகவே பழைய படத்தைப் பார்ப்பவர் கடந்தகாலத்துக்காக ஏங்கவில்லை, வராமற்போன எதிர்காலத்துக்காக ஏங்குகிறார் என்கிறது இந்த வாதம்.

அமெரிக்கரின் மனநிலையை இது நன்றாகவே விளக்குகிறது. தமிழ்நாட்டில் இதன் கால்கள் தடுமாறுகின்றன. அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய 1969இல்தான் இஸ்ரோ தொடங்கப்பட்டது. 1977இல் ஹாலிவுட் பின்னோக்கிப் பார்த்தபோது, ஆரியபட்டா ஏவப்பட்டு இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர்களுக்கு அந்தி, நமக்கு விடியல். பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை சந்திரயான் 1 திட்டத்தை வழிநடத்தினார். விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3, 2023 ஆகஸ்ட் 23இல் நிலவின் தென்துருவப் பகுதியருகே இறங்கியது. குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கைநழுவிய எதிர்காலம் என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். அது இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது.

ஆயினும் இந்த விடையை முழுதும் தள்ளிவிட முடியாது. எதிர்காலத்தில் தொலைந்தது ராக்கெட் அல்ல, ராக்கெட்டோடு சேர்ந்து வரும் என்று நம்பிய சமத்துவம் என்று கொண்டால் வாதம் மீண்டும் உயிர் பெறுகிறது. ‘ஸ்டார் ட்ரெக்’கின் கப்பல் மேடையில் ரஷ்யரும் ஜப்பானிய மரபினரும் ஆப்பிரிக்கப் பெண்ணும் சம அதிகாரிகளாக நின்றார்கள். அது 1960களில் துணிச்சல். அந்தப் பாதி வாக்குறுதி எங்கும் நிறைவேறவில்லை. விண்கலம் ஏவும் நாட்டிலும் சாதிவாரித் தெரு அப்படியே இருக்கிறது.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை இங்கே நினைக்கலாம். 1980களில் எழுதப்பட்டு, பின்னர் தூர்தர்ஷன் தொடராகவும் வந்த அக்கதை 2020களின் தொடக்கத்தில் நடப்பதாகப் புனையப்பட்டது. நாட்காட்டியில் அந்த ஆண்டுகள் இப்போது நமக்குப் பின்னால் இருக்கின்றன. இயந்திர நாய் ஜீனோவை இன்று படிப்பவர், எதிர்காலமாக எழுதப்பட்டதைக் கடந்தகாலமாகப் படிக்கிறார். இந்த வினோத உணர்வை ஏக்கம் என்ற ஒரே பெயரில் அடக்குவது போதுமா என்பது ஐயமே.

சந்தை உண்டாக்கும் ஏக்கம்

மூன்றாவது விடை கடுமையானது. ‘ஸ்டார் வார்ஸ்’ எதிர்காலத்தைப் பற்றிய படம்போலத் தோன்றினாலும் அது ஓர் ஏக்கப் படமே என்று ஃப்ரெட்ரிக் ஜேம்சன் 1980களில் எழுதினார். புதிய எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் திறனை இழந்த பண்பாடு, பழைய பாணிகளைப் பிரதியெடுத்து விற்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். பொம்மை, மறுவெளியீடு, தொடர்ச்சிப் படம் என்று ஏக்கமே சரக்காகிறது.

இதன் பலவீனம், பார்ப்பவரை வெறும் வாங்குபவராகச் சுருக்கிவிடுவது. ஆனால் தமிழ்ச் சூழலில் இவ்வாதத்துக்கு எதிர்பாராத ஒரு பயன் இருக்கிறது. நாம் எதற்காக ஏங்குகிறோம் என்பதைவிட, எதை மறந்தோம் என்பதை இது நன்றாக விளக்குகிறது. 2018இல் ‘டிக் டிக் டிக்’ வெளிவந்தபோது இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எம்.ஜி.ஆர். வேற்றுக்கிரகம் போய் வந்திருந்தார். அதுவும் இதே தமிழில். ஊர்பேர் தெரியாத நடிகரை வைத்து எடுத்த படமும் அல்ல. எம்.ஜி.ஆர். படமாகவும் கே.வி. மகாதேவன் பாடல்களுக்காகவும் ‘கலை அரசி’ நினைக்கப்படுகிறது. விண்வெளிச் சாகசமாக அது நினைக்கப்படவில்லை. அந்த வகையில் அதற்குப் பொம்மையோ மறுவெளியீடோ தொடர்ச்சிப் படமோ வரவில்லை. எனவே ஏக்கமும் வரவில்லை. அமெரிக்காவிலோ தேசியத் திரைப்படப் பதிவேடு தொடங்கிய 1989ஆம் ஆண்டிலேயே, முதல் இருபத்தைந்து படங்களில் ஒன்றாக ‘ஸ்டார் வார்ஸ்’ பாதுகாக்கப்பட்டது.

இரவல் நினைவு

அர்ஜுன் அப்பாதுரை 1990களில் முன்வைத்த கருத்து இங்கே துணைக்கு வருகிறது. பிலிப்பைன்ஸ் மக்கள் அமெரிக்கப் பழம்பாடல்களை அமெரிக்கரைவிட உருக்கமாகப் பாடுவதைச் சுட்டி, தாம் ஒருபோதும் இழக்காத உலகத்துக்காக மக்கள் ஏங்க முடியும் என்று அவர் காட்டினார். சன் டிவி தொடங்கிய 1993க்குப் பிறகு கேபிள் வழியாகவும், பின்னர் கைபேசி வழியாகவும் அமெரிக்கப் பழையது நம் பழையதாக வந்து சேர்ந்தது. 2000க்குப் பிறகு பிறந்த ரசிகரின் ஏக்கத்துக்கு எனக்குத் தெரிந்தவரை இதுவே பொருத்தமான விளக்கம். இதன் குறை ஒன்றுதான்: ஏன் இது, ஏன் அது இல்லை என்ற தேர்வை இது விளக்குவதில்லை.

கைவேலையின் ஈர்ப்பு

நான்காவது விடை படம் எடுத்த முறையைப் பற்றியது. நெசவூருக்கு மிக அருகில் வருவதும் இதுதான். லூகாஸ் 1975இல் தொடங்கிய சிறப்புக்காட்சி நிறுவனத்தில் விண்கலங்கள் கையால் செய்யப்பட்டன. கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் டாங்கி, கப்பல் மாதிரிகளை வாங்கிப் பிரித்து, அவற்றின் சின்னஞ்சிறு பாகங்களை ஒட்டி ஒட்டிக் கலத்தின் மேற்பரப்பை நிரப்பினார்கள். பல அடி நீள மாதிரியின் முன் கேமரா ஊர்ந்தது. பொருளின் மேல் விழுந்த ஒளி உண்மையான ஒளி. அதனால்தான் அந்தக் கலத்துக்குக் கனம் இருப்பதாகக் கண் நம்புகிறது என்று இக்கருத்தினர் சொல்வார்கள். 1997இல் லூகாஸ் பழைய படங்களைக் கணினியால் திருத்தி வெளியிட்டபோது எழுந்த கண்டனம், ரசிகர்கள் கதையை மட்டுமின்றிக் கைவேலையையும் நேசித்தார்கள் என்பதற்கு நல்ல சான்று.

உண்மையான விண்வெளிப் பயணத்திலும் கை இருந்தது. நிலவுக்குச் சென்ற அப்பல்லோ கலத்தின் கணினி நினைவகம் கையால் பின்னப்பட்டது. அமெரிக்காவின் வால்தம் நகரில் ரேதியான் ஆலையில் பெண்கள் எதிரெதிரே அமர்ந்து, ஊசியில் கோத்த மெல்லிய செப்புக் கம்பியைச் சிறு காந்த வளையங்களின் வழியே செலுத்தினார்கள். வளையத்துக்குள் கம்பி சென்றால் ஒன்று. வெளியே ஒதுங்கிப் போனால் சுழி. நிரல் முழுவதும் இப்படியே நெய்யப்பட்டது. அப்பெண்களில் பலர் ஜவுளி ஆலைகளிலிருந்தும் கடிகார ஆலையிலிருந்தும் வந்தவர்கள். ஒரு கம்பி தவறினால் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஐயம்பேட்டையில் ஜக்கார்டு பெட்டி ஏற்றிய தறியின் முன் நிற்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். பெட்டியில் தொடுத்த அட்டைகள் மிதிக்கு ஒன்றாகத் திரும்புகின்றன. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழைகிறது, கொக்கி உயர்கிறது, பாவு இழை மேலே போகிறது. துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கிறது. உண்டு, இல்லை என்ற அந்த இரண்டு நிலையிலிருந்துதான் புடவையில் அன்னமும் யாளியும் எழுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறிக்கு எடுத்துக்கொண்டதும் இந்த அட்டையையே. விண்கலக் கணினியின் முன்னோர் வரிசையில் பட்டுத்தறிக்கு உரிய இடத்தை யாரும் மறுக்க முடியாது. இதைப் பெருமையாகச் சொல்லலாம்.

ஆனால் கைவேலை என்ற விடைக்கு இங்கேதான் கடும் சோதனையும் காத்திருக்கிறது. கைத்தறிமீது ஏக்கம் கொண்டவர் பெரும்பாலும் புடவை வாங்குபவர், நெய்பவர் அல்லர். காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீட்டின் மதிப்பு கூடியபோதும் குழித்தறியில் உட்காரும் இளைஞர் குறைந்தார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைப் பேருந்துகள் அவர்களை ஏற்றிச் செல்கின்றன. முழங்கால் வலியும் கண் மங்கலும் தெரிந்த குடும்பம் அதற்காக வருந்துமா, நிம்மதி கொள்ளுமா என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். அதேபோல, மாதிரி விண்கலம் ஒட்டியவர்களின் நீண்ட இரவுகளைத் திரைக்கு இப்பால் இருந்து அழகென்று சொல்வது எளிது. கைவேலையைப் போற்றும் விடை, கையின் கூலியைக் கணக்கில் எடுக்காதவரை பாதி விடைதான்.

மாயாஜாலத்தின் வாரிசா?

ஐந்தாவது விடை நம் மண்ணுக்கே உரியது. வானில் பறக்கும் கோட்டை, ஊர் விட்டு ஊர் தூக்கிச் செல்லும் அசுரன், மாய ஆயுதம் எல்லாம் புராணத்திலும் நாட்டார் கதையிலும் பழகியவை. ‘பாதாள பைரவி’யும் ‘மாயா பஜாரும்’ அவற்றைத் திரைக்குக் கொண்டுவந்தன. விண்வெளிப் படம் அந்த வரிசையின் தொடர்ச்சி மட்டுமே என்பது இக்கருத்து. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பறக்கும் முப்புரங்களை எரிக்கச் சிவன் வில்லேந்தும் சிற்பத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, கோளை அழிக்கும் ஆயுதம் அந்நியமாக இராது என்று வாதிடலாம்.

காட்சி மரபு என்ற அளவில் இது ஏற்கத்தக்கது. இதை நீட்டி, பழங்காலத்திலேயே விண்கலம் இருந்தது என்று சொல்லப் புகுவோரும் உண்டு. அதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை; கற்பனையின் பெருமையை அது குறைக்கவே செய்கிறது.

‘கலை அரசி’யை உற்றுப் பார்த்தால் இந்த விடையின் எல்லை தெரியும். அதில் வரும் வேற்றுக்கிரகத்தார் அறிவியலில் நம்மைவிட மேம்பட்டவர்கள். ஆனால் அவர்களிடம் கலை இல்லை. எனவே பூமியின் சிறந்த பாடகியான வாணியைக் கடத்திச் சென்று தங்கள் மக்களுக்கு இசை கற்பிக்கச் சொல்கிறார்கள். அவளைக் காதலிக்கும் மோகன், படித்த உழவன், அந்தக் கிரகத்துக்கே சென்று மீட்டு வருகிறான். சட்டகம் ராஜா ராணிப் படத்துடையது: இளவரசி, அரண்மனை, சூழ்ச்சி, நம்பியார். உள்ளிருக்கும் எண்ணம் புதிது. அக்காலத்து அமெரிக்கப் படங்களில் வேற்றுக்கிரகத்தார் பெரும்பாலும் நம் நிலத்தைப் பிடிக்க, அல்லது நம்மை அழிக்க வருவார்கள். இங்கே அவர்கள் வருவது பாட்டுக்காக. தொழில்நுட்பத்தில் பின்தங்கியதாகத் தன்னை உணர்ந்த ஒரு சமூகம், தன்னிடம் இருக்கும் எது பிற உலகத்தாருக்கும் தேவைப்படும் என்று கேட்டுக்கொண்டு சொன்ன விடை அது. புராணத்தின் தொடர்ச்சி என்று ஒதுக்கிவிட்டால் இந்தப் புதுமை கண்ணில் படாது. 1986இன் ‘விக்ரம்’ கடத்தப்பட்ட ஏவுகணையைத் தேடுகிறது. 2024இன் ‘அயலான்’ வேற்றுக்கிரகத்து விருந்தாளியைப் பூமியின் நண்பனாக்குகிறது. இரண்டுமே ‘கலை அரசி’ கேட்ட கேள்விக்குத் திரும்பவில்லை.

திறந்திருப்பவை

ஐந்து விடைகளில் எதுவும் தனித்து நிற்கவில்லை. பிள்ளைப் பருவ விடை ஏக்கத்தின் சூட்டை விளக்குகிறது, யாருக்கு அது வாய்த்தது என்பதை விட்டுவிடுகிறது. கைநழுவிய எதிர்காலம் அமெரிக்காவுக்குப் பொருந்தும் அளவுக்கு இங்கே பொருந்தவில்லை. சந்தையும் இரவல் நினைவும் சேர்ந்தால் இளையோரின் ஈர்ப்பையும் நம் மறதியையும் ஓரளவு விளக்கலாம். என் மதிப்பீட்டில், தமிழ்நாட்டில் ஏக்கம் படத்தின் தரத்தையோ முதன்மையையோ பின்பற்றவில்லை. எது மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டதோ அதையே பின்பற்றியது. இதை நிரூபிக்கப்பட்ட முடிவாகச் சொல்ல மாட்டேன். ‘கலை அரசி’ என்ற ஒற்றைச் சான்று ஒரு கோட்பாட்டைத் தாங்கப் போதாது.

விடை காணாத கேள்விகள் சில உண்டு. டூரிங் டாக்கீஸின் தரை டிக்கெட்டில் 1963இல் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அதை விண்வெளிக் கதையாகப் பார்த்தார்களா, இன்னொரு எம்.ஜி.ஆர். படமாகப் பார்த்தார்களா? வசனம் புரியாமல் தூர்தர்ஷன் தொடரைப் பார்த்தவர்கள் தங்களுக்குள் என்ன கதை கட்டிக்கொண்டார்கள்? தறியை விட்டு எழ முடியாத பிள்ளைகள் எதைக் கேட்டு, எதைக் கற்பனை செய்தார்கள்? பெண்களுக்கு அந்தக் கூடத்தில் இடம் இருந்ததா? இவற்றுக்கு நூலகத்தில் விடை இராது. 1963இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எழுபது கடந்தவர்கள்.

தென்னிந்தியப் பேசாப்படங்களில் 1933இன் ‘மார்த்தாண்ட வர்மா’ தவிர முழுதாக எஞ்சியது வேறொன்றும் இல்லை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ படச்சுருளும் நம்மிடம் இல்லை. ‘கலை அரசி’க்கு அந்த நிலை வரக்கூடாது. அதன் சிறந்த பிரதியைக் கண்டெடுத்துச் செப்பனிடும் பணியைத் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகமும் தமிழ்நாடு அரசும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு காஞ்சிபுரம், வாலாஜாபாத் வட்டாரக் கல்லூரிகளின் தமிழ், காட்சி ஊடகத் துறை மாணவர்கள் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டைத் தறிவீடுகளுக்குப் போய், என்ன பார்த்தீர்கள், எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள், எப்போது பார்க்க முடியாமல் போனது என்று மூத்தவர்களைக் கேட்டுப் பதிவு செய்யட்டும். இந்த ஆண்டே தொடங்க வேண்டிய வேலை இது.